படம் வந்தா வர்றேன்

அத்தியாயம் 9

"சாயங்காலம் இரும்புக் கடை லாரி வருது வினோ, அதைத்தான் சொல்ல வந்தேன். நீ முதல்ல..."

"வரட்டும். வந்து காத்து வாங்கிட்டுப் போகட்டும். வண்டி மேல கைய வெச்சா..."

"வெச்சா? குறுக்க படுத்துக்குவியா?"

"படுத்துக்குவேன். முந்தாநாள் வரைக்கும் உயிரோட இருந்த வண்டி அண்ணே இது. டிவில கலர் பட்டை வந்துச்சு, நீயே நின்னு பாத்த."

"முந்தாநாள் வந்தது முந்தாநாளோட போச்சு. இன்னிக்கு என்ன வருது? அதச் சொல்லு."

வினோதினி சுவிட்சை இன்னொரு தடவை தட்டினாள். இன்றைக்கு எதுவுமே வரவில்லை. விசிறி சுற்றியது, ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. வரிசையாக இருந்த மானிட்டர்கள் அத்தனையும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தன.

அவள் பேசியது உப்புக் கொட்டகைக்குள் நிற்கும் வேனுக்குள் இருந்து. உப்பளம் நடத்தும் அண்ணன் சித்தார்த்தன் பேசியது வெளியே, கொட்டகை வாசலில் இருந்து. செருப்போடு வேனுக்குள் வரக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். செருப்பில் உப்பு ஒட்டிக்கொண்டு வரும். செருப்பைக் கழற்ற மாட்டேன் என்பது அவன் பிடிவாதம். அதனால் அண்ணன் தங்கை சண்டை எப்போதும் உள்ளும் வெளியுமாகத்தான் நடக்கும்.

அந்த நீல நிற வேன் ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய்க் கிரிக்கெட்டையும் தேரோட்டத்தையும் நேரடியாக வீட்டுக்கு வீடு காட்டிய ஓ.பி. வேன், அதாவது டிவி ஒளிபரப்பு வண்டி. அப்பா தட்சணாமூர்த்தி அதில் கேமராமேனாக இருந்தவர். தோளில் கேமரா சுமந்து சுமந்து வலது தோள் ஒரு பக்கமாக இறங்கிப் போனவர். ஓய்வு பெற்ற பிறகு, துருப்பிடித்து நின்ற அதே வேனை ஏலத்தில் எடுத்து சொந்த ஊரான மரக்காணத்துக்கு இழுத்து வந்தார். வேலை பார்த்த சேனலை மூடிவிட்டதால் ஊருக்குத் திரும்பிய மகள் வினோதினியும் கூடச் சேர்ந்துகொண்டாள். அப்பாவும் பெண்ணும் ஒவ்வொரு ஒயராகப் பிரித்துப் பார்த்து, போன கெபாசிட்டரை எல்லாம் மாற்றிக்கொண்டே வந்தார்கள்.

பங்குனி மாதத்தில் ஒரு நாள், "மெட்ராஸ்ல ஒரு பார்ட்ஸ் இருக்குதாம், பாத்துட்டு வர்றேன்" என்று கிளம்பியவர்தான். ஆவணி முடியப் போகிறது, திரும்பவில்லை. எப்போதாவது போன் எடுப்பார். எங்கே இருக்கிறார் என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். எப்போது வருவீர்கள் என்று கேட்டால், "படம் வந்தா சொல்லும்மா. அன்னிக்கு வர்றேன்" என்பார். மற்றவர்களுக்கு அது பேச்சு. வினோதினிக்கு அது வாக்கு. வேன் போய்விட்டால் படம் இல்லை. படம் இல்லையென்றால் அப்பா இல்லை.

"அண்ணே, ஒண்ணு சொல்லு. லாரி வர்றதுக்குள்ள படம் வந்துட்டா?"

சித்தார்த்தன் கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வந்துட்டா... பேசிப் பாக்கறேன்."

"யார்கிட்ட?"

"லாரிக்காரன்கிட்டதான். வேற யார்கிட்ட?"

"நீ கூப்பிட்ட லாரி. வேணாம்னா வேணாம். இதுல பேசிப் பாக்க என்ன இருக்குது?"

"உனக்கு ஒண்ணும் புரியாது. மழைக்கு முன்ன உப்பை உள்ள ஏத்தணும். எனக்கு எடம் வேணும். அவ்வளவுதான்."

அப்போது அவன் போன் அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டு, மலையாகக் குவிந்திருந்த உப்பு அம்பாரத்துக்குப் பின்னால் போய்விட்டான். வினோதினிக்கு அதுவே விசித்திரமாக இருந்தது. உப்பு வியாபாரிகளிடம் அவன் பேசினால் பக்கத்து ஊர் அனுமந்தை வரை கேட்கும். இன்றைக்கு என்ன ரகசியம்? காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது இரண்டு துண்டு காதில் விழுந்தது.

"ம்... ம்... அவ உள்ளதான் இருக்கா." கொஞ்ச நேரம் கழித்து, "சாப்டீங்களா?"

பழைய இரும்பு வாங்க வருகிறவனைச் சாப்பிட்டாயா என்று கேட்கிற அண்ணனை அவள் இதுவரை பார்த்ததில்லை. தலையை உதறிவிட்டு வேலையைப் பார்க்கத் திரும்பினாள்.

*

முந்தாநாள் சரியாக இருந்தது இன்றைக்கு ஏன் செத்தது?

நடுவில் செய்தது ஒன்றே ஒன்றுதான். கேமராவுக்கான பெட்டியிலிருந்த சர்க்யூட் கார்டுகள் பச்சை பிடித்துப் போயிருந்தன. அவற்றைக் கழுவிக் காயவைக்க வேண்டியிருந்தது. நேற்று அவள் பாண்டிச்சேரிக்கு ஃபியூஸ் வாங்கப் போகவேண்டி வந்ததால், அந்த வேலையை அம்மாவிடம் விட்டுப் போனாள். எப்படிப் பிடிக்கணும், எந்த பிரஷ்ஷில் தேய்க்கணும் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனாள். இன்று காலை கார்டுகளைத் திரும்பச் சொருகினாள். அதோடு கலர் பட்டையும் போய்விட்டது.

ஒரு கார்டை உருவிக் கதவோரம் வெளிச்சத்தில் பிடித்தாள். விளிம்பில் வரிசையாக இருக்கும் தங்கப் பற்களின் மேல் லேசாக வெள்ளை பூத்திருந்தது. கழுவிய கார்டு எப்படிப் பூக்கும்? பூஞ்சையா? சோப்பா? விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

அடுத்த கார்டு. அதுவும் உப்பு. அதற்கடுத்தது உப்போடு ஒரு கசப்பு.

"இட்லி ஆறுது. வந்து தின்னுட்டு அப்புறம் அந்தத் தகரத்தை நக்கு" என்றபடி கொளஞ்சியம்மாள் தூக்குச் சட்டியோடு வந்து நின்றாள்.

"அம்மா, இதை எந்தத் தண்ணில கழுவின?"

"தண்ணிலதான்."

"எந்தத் தண்ணி?"

"என்னடி, போலீசு மாதிரி கேக்கற? நீ சொன்னாப்ல பூ மாதிரி புடிச்சு, குழந்தைக்குப் பல்லு தேக்கற பிரஷ்ஷுல..."

"கேன் தண்ணி எடுத்து வெச்சிட்டுப் போனேனேம்மா."

"அது குடிக்கிற தண்ணியாச்சே."

வினோதினி கார்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் இரண்டு விதத் தண்ணீர் உண்டு. பின்கட்டு டிரம்மில் போர் தண்ணீர். பாத்திரம், துணி, குளியல், வாசல் எல்லாவற்றுக்கும் அதுதான். துவைத்த துணி காய்ந்தால் தானே நிற்கும், அப்படி உப்பு. கேனில் விலை கொடுத்து வாங்கும் நல்ல தண்ணீர். அது தொண்டைக்குள் இறங்குவதற்கு மட்டும். வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து கொளஞ்சியம்மாள் நல்ல தண்ணீரை விழுங்காத எதன் மேலும் ஊற்றியதில்லை. சாமி படம் துடைப்பதுகூடப் போர் தண்ணீரில்தான்.

"நீ சொன்னது காதுல விழுந்துச்சுடி. கேன் தண்ணின்னுதான் சொன்ன. எனக்குத்தான் மனசு வரல. ஆணிக்கும் கம்பிக்கும் நல்ல தண்ணிய ஊத்தறதான்னு... கைய கொண்டு போனேன், ஊத்த வரல."

"சரி, எங்க காய வெச்ச?"

"உப்புப் பாத்தி மேட்டுல. காத்து பிச்சுக்கிட்டு அடிச்சுது. சித்த நேரத்துல காஞ்சுட்டுது."

போன் பேசிவிட்டுத் திரும்பியிருந்த சித்தார்த்தன் சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை.

"உப்புத் தண்ணில ஊறவெச்சு, உப்பளக் காத்துல காயவெச்சு... கருவாடே போட்டுட்டியேம்மா."

கொளஞ்சியம்மாள் சிரிக்கவில்லை. தூக்குச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"அப்போ கெடுத்தது நாந்தானா?"

"அப்படி இல்லம்மா..."

"பொண்டாட்டி என்ன சொன்னாளோ, மனுஷன் வீட்டை விட்டுப் போயிட்டாருன்னு ரேஷன் கடையில என் முதுகுக்குப் பின்னாலயே பேசறாளுங்க. நான் என்ன சொன்னேன்? எனக்கே தெரியல. ராத்திரி பகலா யோசிச்சுப் பாத்துட்டேன். சட்டையில பட்டன் இல்லன்னு சொன்னேன். அதுக்காடி போவாரு ஒரு ஆளு? இப்போ அவரு வர்றதுக்கு இருந்த ஒரு வழியையும் நானே அடைச்சுட்டேன்."

பதிலுக்குக் காத்திராமல் விடுவிடுவென்று வீட்டுப் பக்கம் நடந்தாள். அழப் போகிறாள் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். திரும்பி வந்தபோது இடுப்பில் ஒரு கேன் இருந்தது. அதை வைத்துவிட்டுப் போய் இன்னொன்றைக் கொண்டு வந்தாள். பிறகு பானையில் இருந்ததையும், சொம்பில் மொண்டு வைத்திருந்ததையும்கூடக் கொண்டு வந்தாள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துட்டியா? குடிக்க?"

"இன்னிக்கு ஒரு நாளு நாக்கு வறண்டா செத்துட மாட்டோம். புடிடி அதை. நான் ஊத்தறேன்."

வினோதினி ஒவ்வொரு கார்டாகச் சாய்த்துப் பிடித்தாள். கொளஞ்சியம்மாள் ஊற்றினாள். நல்ல தண்ணீர் பாசிப்பச்சைப் பலகையின் மேல் ஓடி, கம்பிக்கும் சில்லுக்கும் நடுவே புகுந்து, மண்ணில் விழுந்து காணாமல் போயிற்று. முதல் சொம்பைச் சொட்டுச் சொட்டாகத்தான் ஊற்றினாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றினாள்.

கடைசியாக ஒரு முறை உப்பே இல்லாத பேட்டரித் தண்ணீர், அதன் மேல் ஸ்பிரிட். எல்லாம் ஆயிற்று. இப்போது எங்கே காய வைப்பது? வெளியே வைத்தால் திரும்பவும் உப்புக் காற்று. கொட்டகைக்குள்ளும் உப்புதான்.

"அண்ணே, உன் குட்டியானை வண்டி சாவியக் குடு."

"எதுக்கு?"

"கண்ணாடிய ஏத்திட்டு வெயில்ல நிறுத்தினா உள்ள அடுப்பு மாதிரி இருக்கும். காத்து புகாது."

"லோடு போகணும்டி எனக்கு. திண்டிவனத்துல ஆளு காத்துட்டு இருக்கான்."

"சரி, குடுக்காத."

அவன் கொடுத்தான். கொடுத்தது மட்டுமில்லை. கேபின் சீட்டில் அழுக்கு இருக்கிறது என்று தன் தோள் துண்டை எடுத்து உதறி விரித்தான். ஒரு கார்டை இரண்டு கையாலும் வாங்கி அதன் மேல் வைத்தான். வேனை இரும்புக் கடைக்கு அனுப்பத் துடிக்கிறவன் செய்கிற காரியமா இது? வினோதினி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "வெயிலு நல்லாத்தான் இருக்குது" என்றான்.

*

மதியச் சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை. குடிக்கத் தண்ணீரும் இல்லை. பக்கத்து வீட்டில் வாங்கி வந்த சோடாவை மூன்று பேரும் மாற்றி மாற்றிக் குடித்தார்கள்.

வெயில் சாய ஆரம்பித்தபோது கார்டுகள் மொறுமொறுவென்று காய்ந்திருந்தன. வினோதினி ஒவ்வொன்றாகச் சொருகினாள். ஒரு கார்டு தகராறு செய்தால் மொத்தக் கரண்டையும் அதுவே இழுத்துக்கொண்டு மற்றதை எல்லாம் பட்டினி போட்டுவிடும். அதனால் ஒன்றைச் சொருகி, மூச்சு விட்டு, அடுத்தது.

"வோல்டேஜ் போதல அண்ணே. உன் மோட்டார் ஓடுதா?"

"ஓடாம? பாத்திக்குத் தண்ணி பாயணுமே."

அவனாகவே வெளியே போய், பாத்தியில் நின்ற வேலையாளிடம், "தங்கராசு, மோட்டாரை நிறுத்துப்பா" என்று குரல் கொடுத்தான்.

ஸ்டெபிலைசர் முள் ஏறி நின்றது. விசிறி வேகம் பிடித்தது. சூடான தூசி வாசனை வந்தது. முதலில் ஒரு மானிட்டரில் மெல்லிய கோடு. கோடு விரிந்தது. மஞ்சள், நீலம், பச்சை என்று கலர் பட்டைகள் வரிசை கட்டி நின்றன.

"வந்துட்டுது" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"இது வண்டிக்குள்ளயே உண்டாகற படம்மா. கேமரால இருந்து வரணும். அதுதான் படம்."

கேமரா, கொட்டகை வாசலில் முக்காலியின் மேல் உப்பளத்தைப் பார்த்து நின்றது. அதன் தடித்த கேபிள் வேன் வரை ஓடி வந்தது. வினோதினி படம் மாற்றும் மிக்சரில் ஒரு பட்டனை அழுத்தினாள்.

பட்டை மறைந்தது. திரை முழுக்க வெள்ளை.

வெறும் வெள்ளை. கோடு இல்லை, புள்ளி இல்லை. அவள் ஒரு குமிழைத் திருகினாள். கொஞ்சம் மங்கிய வெள்ளை. இன்னொன்றைத் திருகினாள். கொஞ்சம் நீலம் படிந்த வெள்ளை. கேமராவுக்குள் இருக்கும் படக் குழாய் போய்விட்டதா? கார்டில் இன்னும் உப்பு இருக்கிறதா?

"லென்ஸ் மூடியக் கழட்டினியா?" வெளியிலிருந்து சித்தார்த்தன் கேட்டான்.

"மூடி இருந்தா கருப்பா இருக்கும். இது வெள்ளை."

"அப்ப என்னதான் ஆச்சு?"

"தெரியல அண்ணே. எனக்குத் தெரியல."

அவள் குரல் உடைந்ததைக் கேட்கச் சகிக்காமல் கொளஞ்சியம்மாள் வேனை விட்டு இறங்கினாள். "நான் போயி அந்தக் கேமராவ ஒரு தட்டுத் தட்டறேன். நம்ம வீட்டு டிவிக்கு அதான் மருந்து."

"அம்மா, தட்டாத, அது..."

அப்போதுதான் வெள்ளைத் திரையின் இடது ஓரத்திலிருந்து ஒரு தலை எழுந்தது. கொண்டை. அப்புறம் காது. அப்புறம் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புடவை. கொளஞ்சியம்மாள் அன்று கட்டியிருந்தது செங்கல் நிறப் புடவை. நிறம் தப்பு, ஆள் சரி. திரைக்குள்ளிருந்து அவள் முகத்தை நீட்டி, லென்ஸுக்குள் கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

வினோதினிக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. இவ்வளவு நேரமும் படம் வந்துகொண்டுதான் இருந்தது. எதிரே வெயிலில் நின்ற உப்பு அம்பாரங்களைத்தான் கேமரா காட்டிக்கொண்டிருந்தது. உப்பு வெள்ளை. வானம் வெள்ளை. பிறந்ததிலிருந்து அதையே பார்த்து வளர்ந்தவளுக்கு அது ஒரு காட்சி என்றே தோன்றவில்லை.

"அம்மா, நீ தெரியற. டிவில தெரியற."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உள்ள வாம்மா. அண்ணே, ஹெட்போனை மாட்டிக்கோ. கேமராகிட்ட நில்லு. நான் இங்கருந்து பேசறது கேக்கும், நீ சொல்றதும் எனக்குக் கேக்கும்."

சித்தார்த்தன் மாட்டிக்கொண்டான். மூச்சு விடும் சத்தம் அவள் காதில் வந்தது. "கேக்குதா வினோ?" என்றான். அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை. பயந்தவன் குரல்போல இருந்தது.

"கேக்குது. படம் வந்துடுச்சு அண்ணே. நீ சொன்ன மாதிரி லாரிக்காரன்கிட்ட பேசு."

"பேசறேன். இரு."

கொளஞ்சியம்மாள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். திரையில் அம்பாரத்தின் மேல் ஒரு கொக்கு நடந்து போயிற்று. அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவருக்குப் போனைப் போடுடி. படம் வந்துட்டுதுன்னு சொல்லு. நான் தண்ணி ஊத்தினதையும் சொல்லு."

வினோதினி அப்பாவின் நம்பரை அழுத்திப் போனைக் காதில் வைத்தாள். மணி போயிற்று. காத்திருக்கும்போதே ஹெட்போன் மைக்கில், "அண்ணே, வலது பக்கம் திருப்பு. ரோடு தெரியட்டும், ஃபோகஸ் பாக்கணும்" என்றாள்.

"ரோட்டுல என்ன இருக்குது? கொக்கு அழகா இருக்குது பாரு."

"ரோட்டைக் காட்டு அண்ணே."

கொஞ்ச நேரம் படம் அசையவில்லை. பிறகு மெதுவாக நகர்ந்தது. அம்பாரங்கள் விலகின. பாத்திகள், வரப்பு, ஈ.சி.ஆர். ரோட்டிலிருந்து பிரிந்து வரும் மண் பாதை. பாதை தொடங்குகிற இடத்தில் கிரேன் வைத்த ஒரு லாரி நின்றது. வெறும் கண்ணுக்கு அது ஒரு புள்ளிதான்.

"லாரி வந்துட்டுது. ஜூம் பண்ணு."

"வேணாம் வினோ."

"பண்ணு."

கிரிக்கெட் மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்பவன் வியர்வையைக் காட்டிய லென்ஸ் அது. லாரி திரை முழுக்க வளர்ந்தது. கானலில் எல்லாம் நெளிந்தது. டிரைவர் பக்கத்துக் கதவு மூடியே இருந்தது. மறுபக்கக் கதவு திறந்து ஒரு ஆள் இறங்கினார். வெள்ளைச் சட்டை. முகம் தெரியவில்லை. பாதையின் அகலத்தைப் பார்க்க நாலு எட்டு நடந்தார்.

வலது தோள் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது.

"அடியே" என்றாள் கொளஞ்சியம்மாள் மிக மெதுவாக. "அந்த நடைய எனக்குத் தெரியும்டி."

வினோதினி காதில் மணி போய்க்கொண்டே இருந்தது. திரையில் அந்த ஆள் நின்றார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கண்ணாடி இல்லாதவர்கள் பிடிப்பதுபோல் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். காதில் மணி கடைசிவரை அடித்து ஓய்ந்தது.

அவர் லாரியின் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் தூக்கி, வா வா என்று கொட்டகைப் பக்கமாக வழி காட்டினார். லாரி நகர்ந்தது.

"வந்துட்டாரு. படம் வந்தா வர்றேன்னாரு, வந்துட்டாரு பாரு" என்று கொளஞ்சியம்மாள் எழுந்தாள். சோறு வைக்க வேண்டும், குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லையே என்று தனக்குள் பேசியபடி படியிறங்கிப் போனாள்.

வினோதினி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. படம் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. கேமராவைப் பிடித்திருந்த அண்ணன் கை நடுங்கினால்தான் படம் அப்படி நடுங்கும். அவள் மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டாள்.

"அண்ணே, காலையில போன்ல சாப்டீங்களான்னு யாரைக் கேட்ட?"